ஊறாத சுண்ணாம்பு

வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஒரு ஷாப்புக்கு, தோல் ஊறவைக்க ஆறு தொட்டிகள் கட்ட ஒப்புக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். கொத்தனார்கள் நாலு பேர், சித்தாள்கள் நாங்கள் ஆறு பேர். இரண்டு தொட்டி முடிந்திருந்தபோது அவர் சாரத்திலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார். ஷாப்பு முதலாளி சாயபு மறுநாளே சொல்லிவிட்டார்: “திருப்பத்தூர்லேர்ந்து வேற மேஸ்திரிய வரவழைக்கிறேன்.”

“வேணாங்க. மீதியை நான் முடிச்சுத் தர்றேன்” என்றேன்.

“இன்னாம்மா, நீயா?”

“பன்னெண்டு வருசமா கலவை போடறேன். எந்தச் செவுரு நிக்கும், எது நிக்காதுன்னு எனக்குத் தெரியுங்க.”

அவர் சிரிக்கவில்லை. ஒரு தொட்டியைக் கட்டிக் காட்டச் சொன்னார்.

மூன்றாம் நாள், எழும்பிக்கொண்டிருந்த சுவரின் கலவையை எடுத்து விரலில் தேய்த்தேன். நறநறவென்றது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, சரியாக ஊறாத சுண்ணாம்பை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் பட்டதும் அது பொங்கிச் சுவரைப் பிளந்துவிடும்.

“இடிச்சுடுங்க” என்றேன்.

மூத்த கொத்தனாருக்கு முகம் சிவந்துவிட்டது. “ஒரு பொம்பள சொல்லி நான் கட்டுன செவுர நானே இடிக்கணுமா?” கரணையை வீசிவிட்டுப் போனார். அவர் பின்னாலேயே இன்னொருவரும் போய்விட்டார்.

நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கடப்பாரையை எடுத்தேன். முதல் குத்திலேயே செங்கல் சுலபமாகப் பெயர்ந்தது. அதைப் பார்த்த மற்ற இரண்டு கொத்தனார்களும் கைகொடுத்தார்கள். புதுச் சுண்ணாம்பைப் பத்து நாள் ஊறப்போட்டோம். செங்கல் தூளை நானே சலித்துச் சேர்த்தேன். வீட்டுக்காரர் கட்டுப் போட்ட கையோடு வந்து, இடது கையால் தூக்குக்குண்டு பிடித்தார். அவர் எனக்குக் கீழே வேலை செய்த முதல் நாள் அதுதான். இரண்டு பேருக்குமே அது வினோதமாகப் படவில்லை.

பூச்சு இறுகியதும் தொட்டியை நிரப்பி, நீர்மட்டத்தில் கரிக்கோடு போட்டேன். மூன்று நாள் கழித்துச் சாயபு வந்து குனிந்து பார்த்தார். வெயில் குடித்தது போக மிச்சம் அப்படியே இருந்தது.

“மத்ததையும் நீயே கட்டு” என்றார். “அப்புறம் பின்னால ஒரு கிடங்கு வேணும்.”

“கிடங்குக்கு ஆள் ஜாஸ்தி வேணுங்க. ஆளை நான்தான் பொறுக்குவேன்.”

ஒப்புக்கொண்டார். அன்று சாயங்காலமே ஆள் பார்க்கக் கிளம்பினேன். கணியம்பாடியிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். அதில் இரண்டு பெண்களுக்குக் கரணை பிடிக்கத் தெரிந்திருந்தது.