கருவாட்டுக் கூடையும் என் கணவரின் காலும்

அறுபதுகளின் தொடக்கம். புதுக்கோட்டை டவுனில் சந்தைக்குப் பின்னால் இருந்த தெருவில் நாங்கள் குடியிருந்தோம். என் கணவர் சந்தையில் புளியும் மிளகாய் வற்றலும் விற்கும் வியாபாரி. தராசு தொங்கும் இடத்தில் செருப்போடு நிற்க மாட்டார். காலையிலிருந்து சாயங்காலம் வரை சந்தை மண்ணில் வெறுங்கால்தான். எப்போதோ ஒரு கருவேல முள் உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. பிடுங்கிப் போட்டுவிட்டு வியாபாரத்தைப் பார்த்திருக்கிறார். அந்த இடத்தில் மெல்ல ஒரு கட்டி வந்தது. வலிக்கவில்லை என்பதால் அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டு மூன்று வருஷத்தில் பாதம் முழுக்க வீங்கி, அங்கங்கே துவாரம் விழுந்து சீழ் வடிய ஆரம்பித்தது.

தெருவில் எல்லாரும் யானைக்கால் என்றார்கள். ஆளுக்கொரு பச்சிலை சொன்னார்கள். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. பச்சிலை அரைத்தது போதும் என்று அவரைத் திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே டாக்டர் பார்த்தவுடனே இது யானைக்கால் இல்லை என்றார். மண்ணில் இருக்கிற கிருமி முள்ளோடு உள்ளே போய்க் குடித்தனம் நடத்துகிறதாம். இதற்கு மதுரா ஃபுட், அதாவது மதுரைக் கால், என்று பேராம். பக்கத்து ஊரின் பேரை ஒரு வியாதிக்கு வைத்திருக்கிறார்களே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஊறுகாயில் பூக்கிறதே, அந்தப் பூஞ்சாணத்தின் இனம். அதற்கு அன்றைக்கு மருந்து இல்லை. எலும்பை அரித்துக்கொண்டே மேலே ஏறும், காலை எடுத்துவிட வேண்டியதுதான். இன்னொன்று பூஞ்சாணம் மாதிரியே வேஷம் போடும் வேறு கிருமி. அது மருந்துக்கு அடங்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான். சீழோடு சில சமயம் கசகசா அளவில் மணி மணியாக வருமாம். அதில் ஒன்றைக் கண்ணாடியில் வைத்து நசுக்கிப் பூதக்கண்ணாடி மிஷினில் பார்த்தால்தான் எதுவென்று சொல்ல முடியும் என்றார்.

அந்த மணிதான் கிடைக்கவே இல்லை. காரணம் என் வீட்டுக்காரரின் சுத்தம். ஒரு நாளைக்கு ஐந்து வேளை தொழுகிற மனிதர், வேட்டியில் ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் வெளியே கிளம்ப மாட்டார். டாக்டரிடம் போகிற நாளில் கேட்கவே வேண்டாம். வெந்நீரும் சோப்பும் போட்டுக் காலைத் தேய்த்துக் கழுவி, மாப்பிள்ளை மாதிரி வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு போய் நீட்டுவார். அவிழ்த்துப் பார்த்தால் துடைத்துவிட்டது போல இருக்கும். இரண்டு தடவை இப்படி ஆனது. ஆஸ்பத்திரியில் தங்கவும் சம்மதிக்கவில்லை. இரண்டாம் தடவை டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. முதல் நாள் போட்ட கட்டை அவிழ்க்காமல், கழுவாமல் அப்படியே வர வேண்டும். அப்போதும் மணி கிடைக்காவிட்டால் இனிமேல் தள்ளிப்போட முடியாது, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவேன் என்று நாள் குறித்துவிட்டார்.

அந்த வாரம் நான் ஓரிடத்தில் உட்காரவில்லை. அடுப்பில் ஏதாவது வைத்துவிட்டு வாசலுக்கு வருவேன், வாசலிலிருந்து கொல்லைக்குப் போவேன். ஒற்றைக் காலோடு இந்த மனுஷன் மூட்டையைத் தூக்குவதெப்படி, சந்தையில் நிற்பதெப்படி என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. குறித்த நாளுக்கு முதல் நாள் மத்தியானம் கட்டுப் போட்டேன். அதன் பிறகு அவர் கிணற்றடிப் பக்கம் போனாலே பின்னால் போய் நின்றேன். தொழுகைக்கு முன்னால் கால் கழுவ வேண்டும், ஆனால் கட்டுப் போட்டிருந்தால் அதன் மேல் ஈரக் கையால் தடவினாலே போதும் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் மனசு ஒப்பாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பஸ் ஏறினோம். சித்திரை வெயில். டவுன் தாண்டுவதற்குள் கட்டிலிருந்து நாற்றம் கிளம்பிவிட்டது. முன் சீட்டுக்காரர் மூக்கைப் பொத்தினார். எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா என்று ஒருவர் சத்தமாகக் கேட்டார். என் கணவருக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. கீரனூரில் பஸ் நின்றதும் இறங்கிக் குழாயில் கழுவிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று என் காதில் சொன்னார். கழுவினால் கால் போய்விடும் என்றேன். போனால் போகட்டும், இந்த அவமானத்துக்கு அது மேல் என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் உதறினார். கிசுகிசுவென்றுதான் சண்டை போட்டோம். ஆனால் பக்கத்து வரிசையில் இருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்புறம்தான் புரிந்தது.

கடற்கரைப் பக்கத்து அம்மா, ஐம்பது வயசு இருக்கும். காலடியில் துணி போட்டு இறுக்கிக் கட்டிய கூடை. கண்டக்டர் ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் வரிசைக்கு முந்தின வரிசை வரை வந்துவிட்டார். என் கணவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அப்போது அந்த அம்மா வாயைத் திறந்தார்.

"அங்கிட்டுத் தேடாதீங்க தம்பி. என் கூடைதாங்க. கருவாடு."

கண்டக்டர் பிடித்துக்கொண்டார். கருவாட்டை டாப்பில் போடாமல் உள்ளே ஒளித்துவைத்துப் பஸ்ஸை நாறடிக்கிறாயா என்று கத்தினார். பஸ்ஸே சேர்ந்துகொண்டது. அந்தக் கூடையிலிருந்து எந்த வாடையும் வரவில்லை. நன்றாகக் காய்ந்த கருவாடு, அவ்வளவு நறுவிசாகக் கட்டியிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. அவரைத் திட்டாதீர்கள், நாற்றம் எங்களுடையது என்று சொல்ல எழுந்தேன். அந்த அம்மா என் முழங்கையைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கீரனூரில் அவரைக் கூடையோடு இறக்கிவிட்டார்கள். அடுத்த பஸ்ஸில் டாப்பில் போட்டுக்கொண்டு வா என்றார் கண்டக்டர். சரிங்க தம்பி என்று தலையில் கூடையை வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார். கூடை போன பிறகும் நாற்றம் போகவில்லை. கருவாட்டு நாற்றம் லேசில் போகாது என்று ஒரு பெரிய மனிதர் பஸ்ஸுக்கே விளக்கம் சொன்னார்.

கழுவப் போகிறேன் என்று பாதி எழுந்திருந்த என் கணவர் மறுபடியும் உட்கார்ந்தார்.

"நமக்காவ அந்தப் பொம்பளை எறங்கிருச்சு புள்ள. இனி நான் எப்புடி எறங்குறது?"

திருச்சி வரைக்கும் அவர் அசையவே இல்லை.

டாக்டர் கட்டை அவிழ்த்தார். துணியின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு மணி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை இடுக்கியால் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். கறுப்பாக இருந்தால் பூஞ்சாணம்தான், வெள்ளையாக இருந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனதால் எனக்கு நிம்மதியும் இல்லை, அழவும் முடியவில்லை. தாழ்வாரத்தில் நடந்து நடந்து நர்சிடம் திட்டு வாங்கினேன். கடைசியில் டாக்டர் வெளியே வந்தார்.

"பூஞ்சாணம் இல்லம்மா. காலை வெட்ட வேண்டாம்."

ஊசியும் மாத்திரையுமாக ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. பாதம் தழும்பு தழும்பாக ஆறியது. அவர் அதற்குப் பிறகு தராசுக்கு முன்னாலும் செருப்போடுதான் நின்றார். எந்த ஊர்ச் சந்தைக்குப் போனாலும் கருவாட்டுக் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வருவோம். அந்த அம்மாவைப் பார்க்கவே முடியவில்லை.

வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு ஒரு பஸ் முழுக்க அந்த அம்மாவைத் திட்டியபோது, என் முழங்கையை அழுத்தி அவர் கேட்டுக்கொண்டபடி நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாவுக்கு என்னால் செய்ய முடிந்த ஒரே நன்றி அதுதான் என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு இருப்புக் கொள்வதில்லை.