ரவைக்கோது கழுவும் மெசின் விற்ற காலம்

கடையில் நின்று சாமான் விற்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கும், எதை வாங்குவது என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டுத்தான் ஆட்கள் வந்து நம்மிடம் ஆலோசனை கேட்பார்கள். 2010 இலிருந்து மூன்று வருடம், நான் குடிவந்த வெளிநாட்டு ஊரான டண்டினொங்கில் ஒரு துப்பாக்கிச் சாமான் கடையில் நின்றேன். துப்பாக்கிகள் முதலாளி கிறேக்கின் பொறுப்பு. என் பக்கம் கழுவுகிற மெசின்கள். கிளப்பில் குறி பார்த்துச் சுடுகிறவர்கள், சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளை எறிவதில்லை. கழுவி, திரும்ப வெடிமருந்து நிரப்பிப் பாவிப்பார்கள். கழுவ மூன்று வகை மெசின் இருந்தது. ஒன்று வால்நட் ஓட்டுத் தூளோடு போட்டுக் குலுக்கும். இன்னொன்று தண்ணீருக்குள் ஒலி அதிர்வால் ஊத்தை எடுக்கும். மற்றது தண்ணீரும் சின்னக் கம்பித் துண்டுகளும் சேர்த்து உருட்டும்.

தெரிந்த ஆள்

முதல் கிழமையே ஒருவர், மேசையில் ஒரு பெண் நிற்பதைக் கண்டு, என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, இதைப் பற்றித் தெரிந்த ஆள் யாரும் இல்லையா என்று கேட்டார். கிறேக்கைக் கூப்பிட்டேன். கிறேக் அவருடைய கேள்வியைக் கேட்டார், திரும்பி அதையே என்னிடம் கேட்டார். நான் பதில் சொன்னேன். அதை அப்படியே அந்த மனிதருக்குச் சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு மெசினோடு போனார்.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கிறேக் கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் வந்து சொன்னார்: "அந்தாளோட சண்டை பிடிக்கிறதோ விக்கிறதோ எண்டு யோசிச்சன். வித்திட்டன். மன்னிச்சுக்கொள்."

வெடிப்பு

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் கண்ணாடி மாதிரி மினுங்க வேண்டும் என்று கேட்டு வந்தார். மினுக்கம் கண்ணுக்குத்தான், ஊத்தை போனால் அதுவே காணும் என்றேன். கேட்கவில்லை. உருட்டுகிற மெசினையே வாங்கிப் போனார்.

இரண்டு கிழமையில் ஒரு பை கோதுகளோடு திரும்பி வந்து மேசையில் கொட்டினார். எல்லாம் புதுசு மாதிரி இருந்தன. பாதிக்கு மேல் கழுத்தில் மயிரிழை அளவு வெடிப்பு. பலமுறை சுட்டு நைந்துபோன கோதுகள். வெடிப்பை இதுவரை கரி மூடியிருந்தது. இனி இவற்றைப் பாவிக்கக் கூடாது என்றேன். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ மெசின் விக்கும்வரைக்கும் இதெல்லாம் நல்லாத்தானே இருந்தது."

மா அரிக்கிற அரிதட்டு

பீற்றர் என்ற தாத்தா ஒருவர் வால்நட் தூள் வாங்க மாதாமாதம் வருவார். மகளும் நடக்கப் பழகுகிற பேத்தியும் வீட்டோடு வந்துவிட்டதாக ஒருநாள் சந்தோசமாகச் சொன்னார். தூளையும் கோதையும் எங்கே வைத்துப் பிரிக்கிறீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டேன். குசினியில், மனைவி மா அரிக்கிற அரிதட்டில் என்றார்.

சுட்ட கோதிலிருந்து அந்தப் புழுதியில் ஈயம் சேரும், சின்னப் பிள்ளைகளுக்குக் கூடாது என்று பையிலேயே எழுதியிருக்கும். அரிதட்டை எறியுங்கள், தண்ணீரில் கழுவுகிற மெசினுக்கு மாறுங்கள், வீட்டுக்கு வெளியே வைத்துச் செய்யுங்கள் என்றேன். அவரோ, விலை கூடினதை விற்கப் பயம் காட்டுகிறேன் என்று கிறேக்கிடம் முறைப்பாடு சொன்னார். அப்போது நான் தற்காலிக விசாவில் இருந்தேன். இந்த வேலையும் போனால் என்ன செய்வது என்று யோசித்தேன். ஆனாலும் ஒரு துண்டுக் கடதாசியில், "எங்களிடம் ஒன்றும் வாங்க வேண்டாம், பிள்ளையின் இரத்தத்தை மட்டும் சோதியுங்கள்" என்று எழுதி நீட்டினேன். பார்க்காமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

பிறகு இரண்டு மாதம் ஆளைக் காணவில்லை. வந்த அன்று சாமான் தட்டுகளைப் பார்க்காமல் நேரே என்னிடம் வந்தார். பிள்ளையின் இரத்தத்தில் ஈயம் இருந்ததாம். நேரத்தோடு கண்டுபிடித்தது நல்லது, இனிக் குறைந்துவிடும் என்று டொக்டர் சொன்னாராம். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "தண்ணி மெசினை வேற கடையில வாங்கிட்டன். உன்ர முகத்தைப் பார்த்து வாங்க வெக்கமாயிருந்தது."

ஒரு கோப்பை கோது

கழுவினால் எப்படி வரும் என்று காட்ட என் மேசையில் ஒரு கோப்பை நிறையக் கோது வைத்திருப்பேன். பக்கத்து எஞ்சின் திருத்துகிற இடத்தில் வேலை செய்யும் தமிழர் ஒருவர் ஒருநாள் வந்தார். படகில் அகதியாக வந்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும், பக்கத்து ஊரான நோபல் பார்க்கில் அறை எடுத்து இருந்தார். எஞ்சின் பாகங்கள் துடைக்க அவர்களும் அதே வால்நட் தூளைத்தான் பாவிக்கிறார்கள்.

"அக்கா தமிழோ?"

"ஓம், தம்பி."

பையை எடுத்துக் கொடுக்கும்போது கோப்பையைக் கண்டார். ஒரு கோதை எடுத்து விரல்களுக்குள் உருட்டினார். இது எதற்கு என்று கேட்டார். விளையாட்டுக்குச் சுடுகிறவர்கள் கழுவி வைப்பார்கள் என்றேன். அவர் எடுத்த கோதை மெல்லக் கோப்பைக்குள் திரும்ப வைத்து, பையைத் தோளில் தூக்கிக்கொண்டு சொன்னார்: "ஊரில சண்டை முடிஞ்சாப்பிறகு நாங்கள் இதைப் பொறுக்கிப் பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்தனாங்கள் அக்கா. ஒருத்தரும் கழுவிப் பாக்கேல்லை."

மூன்று வருடத்தில் நான் விற்ற மெசின்கள் எல்லாம் சொன்னபடி ஊத்தையை எடுத்தன, அதற்கு மேல் எதையும் எடுக்கிற மெசின் எங்கள் கடைக்கு வரவேயில்லை.