ஊதிக் குத்தும் முத்திரை

துறைமுகத்துக்குப் பக்கத்து அரசாங்கக் கந்தோரில் இருந்த அந்தத் தகவல் உத்தியோகத்தரின் பெயரை நான் கேட்கவில்லை. மடிப்புக் குலையாத வெள்ளைச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. றப்பர் முத்திரையைக் குத்துமுன் அதன்மேல் ஒருதரம் வாயால் ஊதுவார்.

எங்கள் சல்லிக் கிராமத்தில் மீன்பிடி வள்ளங்களை ஏற்றி வைக்கும் கரையை ஒருநாள் கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டார்கள். அதைப் பற்றிய கடிதங்கள் எல்லாவற்றையும் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அவரிடம் விண்ணப்பம் கொடுத்தேன். ஊதினார், குத்தினார்: “கோரிக்கை மிகப் பரந்தது. நிராகரிக்கப்படுகிறது.”

“எல்லாம் எண்டால் ஏலாது. எந்தக் கடிதம் எண்டு இலக்கமும் திகதியும் போட்டுக் கேளுங்கோ.”

“ஐயா, கடிதத்தையே காணாதவனுக்கு இலக்கம் எப்பிடித் தெரியும்?”

“அது எனக்குத் தெரியாது.”

எனக்கு விசர் வந்துவிட்டது. இல்லையென்று சொல்வதற்கென்றே ஒரு முத்திரை செய்து வைத்திருக்கிறார்கள்! அதுவும் எழுத்துத் தேயும்வரை குத்தியிருக்கிறார்கள்.

அங்கேயே நின்று இரண்டாவது விண்ணப்பம் எழுதினேன். ஒரேயொரு கடிதம்தான் கேட்டேன்: அந்த முத்திரையைச் செய்யச் சொல்லி எழுதிய கடிதம்.

நிதானமாக வாசித்தார்.

“ஓம், இது ஒரு கடிதம்தான்” என்று ஒத்துக்கொண்டார்.

பிறகு அதே முத்திரையை எடுத்து ஊதினார்.