மூன்று ஃபியூஸ் கேரியர்கள்

காலை எட்டு மணி பத்து நிமிடம். நெதர்லாந்தில் நான் வேலை செய்யும் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் கட்டடம், இரண்டாம் மாடி. லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு சிவப்புப் பூட்டு. சுவரில் இருந்த மின்பெட்டியின் சுவிட்சை அணைத்து, யாரும் மறுபடி போட முடியாதபடி பூட்டியிருந்தார்கள். பூட்டில் ஓர் அட்டை தொங்கியது. ஹென்க் என்ற பெயர், ஒரு புகைப்படம், அதன் கீழே டச்சு மொழியில் இரண்டு வரி: 'நான் வேலை செய்துகொண்டிருக்கிறேன். இதை நான் மட்டுமே திறப்பேன்.' சாவி ஒன்றுதான். அது அவருடைய சட்டைப்பையில் இருக்கும். இந்த மாதிரிப் பூட்டுகளைப் பத்து ஆண்டுகளாகப் பார்க்காமலே கடந்து போயிருக்கிறேன். இன்று நின்றுவிட்டேன்.

பக்கத்து அறையில் வேலை செய்யும் அன்னெகா, "உங்களுக்கென்ன கவலை? உங்கள் ஆராய்ச்சிக்குக் காகிதம் போதுமே, கரண்ட் எதற்கு?" என்று சிரித்தாள். எங்கள் ஊரில் இந்தப் பூட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கம்பம் ஏறுவார்கள் என்றேன். நல்ல ஏற்பாடாக இருக்கிறதே, கனக்காதா என்று கேட்டாள். கொஞ்சம் கனக்கும் என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் டச்சும் இல்லை, பொறுமையும் இல்லை.

என் அக்கா கஸ்தூரியின் கணவர் ஏழுமலை மாமா, திண்டிவனம் பக்கத்தில் ஒப்பந்த லைன்மேன். காணி நிலம் இல்லாத குடும்பம். என்றைக்காவது வேலை நிரந்தரமாகும் என்று பதினாறு ஆண்டுகள் கம்பம் ஏறினார். பூட்டு, அட்டை, கையுறை எதுவும் அவருக்குக் கிடையாது. அவருக்கு இருந்தது ஒரு பழக்கம். கம்பம் ஏறுமுன் டிரான்ஸ்பார்மருக்குப் போய் மூன்று ஃபியூஸ் கேரியர்களையும் பிடுங்குவார். நடுவில் கம்பி ஓடும் பீங்கான் கட்டைகள் அவை. அவை இல்லாமல் அந்த லைனில் மின்சாரம் இறங்காது. மூன்றையும் துணிப்பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டுதான் ஏறுவார். "இது என் இடுப்புல இருக்கிற வரைக்கும் எவனாலயும் கரண்டு குடுக்க முடியாதுடா மாப்ள. மந்திரியே வந்தாலும் கீழ நின்னுக்கினு என்னைத்தான் கூப்புடணும்" என்று ஒருமுறை பெருமையாகச் சொன்னார்.

சென்ற வைகாசியில், கூட்டேரிப்பட்டு பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தை ஒட்டிய கம்பத்தில் அவர் இறந்தார். முகூர்த்த நாள், காலை பத்தரை மணி, மின்வெட்டு நேரம். ஒப்பந்ததாரர் கொடுத்த ஒரு பக்க அறிக்கையை அக்கா போனில் எழுத்துக்கூட்டிப் படித்தாள்: 'மின் இணைப்பைத் துண்டிக்காமல் கம்பம் ஏறியதால், தன் கவனக்குறைவால் மரணமடைந்தார்.' படித்துவிட்டுச் சொன்னாள்: "பை அவரு இடுப்புலதான் இருந்திச்சி. நான்தான் அவுத்தேன். மூணும் உள்ள இருக்குது. நீ கரண்டுலதானேடா டாக்டர் பட்டம் வாங்குன? எழுதிக் குடு. அவரு தப்பு இல்லன்னு எழுதிக் குடு." அது வேறு கரண்ட் அக்கா என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அடுத்த வாரம் ஊருக்குப் போனேன்.

அந்த லைனில் மண்டபத்தோடு நான்கு வீடுகள்தான். முதல் வீட்டு அம்மா வாசலிலேயே சொன்னார்: "ஃபேன் சுத்திச்சிப்பா. பன்னெண்டுக்கு வர்ற கரண்டு பத்தரைக்கே வந்துடுச்சின்னு, மறுபடி போயிடப் போவுதுன்னு ஜல்தியா மிக்சில சட்னி அரைச்சேன். அப்பத்தான் தெருவுல கத்துனாங்க." சொன்னவர் அழுதார். சாலைக்கு எதிரே, வேறு லைனில் இருந்த டீக்கடையில் பன்னிரண்டு மணிவரை கரண்ட் இல்லை. வந்தது அரசாங்க மின்சாரம் அல்ல, மண்டபத்து ஜெனரேட்டரின் மின்சாரம். லைனிலிருந்து பிரித்துவிடும் சுவிட்ச் இல்லாமல் அதை இணைத்திருக்கிறார்கள். மைக்குக்கும் விளக்குக்கும் போக வேண்டியது, வெளிக்கம்பிக்கும் ஏறிவிட்டது. இதை எழுதிக் கையெழுத்துப் போட முடியுமா என்று அந்த அம்மாவைக் கேட்டேன். "எழுத்துல எல்லாம் வேணாம்பா. மண்டபத்துக்காரருதான் எங்க வீட்டு ஓனரு."

நான் செய்வது கோட்பாட்டு ஆராய்ச்சி. கிராஃபீன் என்பது ஓர் அணுவின் கனமே உள்ள கரித்தாள். அதைத் தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும் மீக்கடத்தியோடு ஒட்டினால், அந்த எல்லையில் எலெக்ட்ரானுக்கும் அதன் சுழற்சிக்கும் என்ன ஆகிறது என்று கணக்கிடுகிறேன். தனி எலெக்ட்ரானுக்கு உள்ளே இடமில்லை. எதிர்ச் சுழற்சி உள்ள இன்னொன்றோடு சோடி சேர்ந்தால்தான் நுழையலாம். அந்த இன்னொன்று விட்டுப்போன வெற்றிடம் எல்லையிலிருந்து திரும்பி வரும். வந்த வழியிலேயா, வேறு வழியிலா என்பதற்கு மட்டும் இரண்டு ஆண்டுகள் செலவழித்தேன். எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்ற கணக்கு நேராகவில்லை என்றால் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத துகளுக்கு இவ்வளவு விசாரணை. மூன்று கேரியர்களும் பிடுங்கியிருந்த லைனில், ஒரு மனிதரைக் கொன்ற மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று அந்த ஒரு பக்க அறிக்கை கேட்கவே இல்லை.

படம் வரைந்து, நான்கு பக்கம் எழுதி ஒப்பந்ததாரரிடம் கொடுத்தேன். முதல் பக்கத்தில் இருந்த பல்கலைக்கழக முத்திரையைத் தடவிப் பார்த்தார். "சார் கம்பம் ஏறியிருக்கீங்களா?" இல்லை என்றேன். "கேரியர் எந்தக் கடையிலயும் கெடைக்கும் சார். பையில இருந்திச்சின்னா ஸ்பேர் வெச்சிருந்தான்னு அர்த்தம். டிரான்ஸ்பார்மருல போய்ப் பாருங்க, மூணும் மாட்டித்தான் இருக்குது." நானும் முன்பே போய்ப் பார்த்திருந்தேன்; மூன்றும் புதியவை. உடலை இறக்கிய ஒரு மணி நேரத்துக்குள், கல்யாணத்துக்குக் கரண்ட் வேண்டும் என்று வேறு கேரியர் மாட்டியிருக்கிறார்கள். அவர் மேசையில், தாள் பறக்காமல் வைக்கும் கண்ணாடிக் குண்டு ஒன்று இருந்தது. அதை எடுத்து அவர்மேல் வீசவேண்டும் என்று தோன்றியது. வீசவில்லை. நன்றி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அந்த நன்றிக்காக என்னை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. தொண்ணூறுகளில், விழுப்புரத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டே ஒரு நாளிதழுக்குச் செய்தி எழுதினேன். 'மின்சாரம் தாக்கி ஊழியர் பலி' என்று பலமுறை எழுதியிருக்கிறேன். ஊர், பெயர், வயது, 'கவனக்குறைவாக.' ஆறு வரிக்குள் அடங்க வசதியான சொல். டிரான்ஸ்பார்மர் வரை நான் ஒருமுறைகூட நடந்ததில்லை. மாமாவைப் பற்றிய அறிக்கையில் அந்தச் சொல்லைப் பார்த்தபோது, அது என் கையெழுத்தில் இருப்பதுபோல் இருந்தது.

புறப்படும் நாளில் அக்கா ஒரு கேரியரைத் துண்டில் சுற்றி என் பெட்டிக்குள் வைத்தாள். ஆபீஸ் சொத்து என்று சொல்லி அதற்குள் இருமுறை ஒப்பந்ததாரரின் ஆள் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தான். "மூணும் ஒரே எடத்துல இருந்தா ஒரே நாள்ல தூக்கினு பூடுவானுங்க. ஒண்ணு உங்கிட்ட இருக்கட்டும். எவன் வந்து கேட்டாலும் தராத" என்றாள். அது இங்கே என் மேசை இழுப்பறையில், கணக்கெழுதும் தாள்களுக்கு மேல் இருக்கிறது. மற்ற இரண்டும் திண்டிவனத்தில், அக்காவின் அரிசி டிரம்முக்குள். மேல்முறையீடு மூன்று முறை அனுப்பினோம். அறிக்கையில் அந்த வரி அப்படியேதான் இருக்கிறது.

இன்று மாலை நாலரை மணிக்கு ஹென்க் வந்து, தன் பூட்டைத் திறந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.