கொட்டாஞ்சேனையில் ஒரு களைப் பாத்தி

நான் வேலை செய்த கம்பனி களை பிடுங்கும் இயந்திரங்களை இறக்குமதி செய்தது. இன்ஜின் ஒரு நாட்டில் செய்தது, கத்திகள் இன்னொன்றில், பொருத்திப் பூட்டியது மூன்றாவதில். பெட்டியில் ஒட்டியிருந்த கொடி நான்காவது நாட்டினுடையது; அந்தக் கொடிக்கு நல்ல விலை கிடைக்கும் என்பது முதலாளியின் கணக்கு. இத்தனை கடல் தாண்டி வந்த சாமானை விற்கும் எங்கள் வெள்ளவத்தை அலுவலகத்தில் ஒரு களையையாவது பிடுங்கியவர் யாருமில்லை. என்னிடம் பொறியியல் பட்டம் இருந்தது. கணக்காளரிடம் ஒரு பூச்சாடி இருந்தது.

போர் ஓய்ந்து வடக்குக்கு வீதி திறந்த காலம் அது. கொழும்பில் பலருக்குத் திடீரென்று மண்மீது பாசம் வந்திருந்தது. கிளிநொச்சியிலிருந்து பெண் விவசாயிகளின் கமக்காரர் சங்கம் ஒன்றின் தலைவி இயந்திரம் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. என் தகுதிகாண் காலம் முடியவிருந்தது. முதலாளி சுற்றி வளைக்கவில்லை.

"மெஷின் வித்தா நீங்க பெர்மனன்ட். விக்கலேன்னா பாப்போம்மா."

எங்கள் அலுவலகத்தில் 'பாப்போம்' என்றால் இல்லை.

கொட்டாஞ்சேனையில் கம்பனி சாமான் வைக்கும் ஸ்டோர்ஸின் பின்முற்றத்தில் செய்துகாட்டுவதாக ஏற்பாடு. முற்றம் முழுக்கச் சீமெந்து. ஆகவே பாமன்கடைப் பக்கம் வீடு கட்டும் இடமொன்றிலிருந்து ஒரு லொறி மண் வந்தது. மண்ணைப் பரப்பிய பிறகுதான், அதில் களையே இல்லை என்பது எல்லோருக்கும் உறைத்தது. கணக்காளர் வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய் வேரோடு இருந்த வல்லாரையைக் கட்டுக் கட்டாக வாங்கிவந்தார். வெள்ளைத்தாளிலும் கோடு போட்டுத்தான் எழுதுவார் அவர். கயிறு பிடித்து, நேர் வரிசையாக நட்டார்.

காலையில் போய்ப் பார்த்தபோதுதான் கோளாறு எனக்குத் தெரிந்தது. வரிசைகளுக்கு நடுவே ஓடும் இயந்திரம் அது. வரிசையில் நிற்பது பயிர், நடுவில் நிற்பது களை. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். முதலாளியிடம் விளக்கினேன். பாத்தி எவ்வளவு வடிவாக இருக்கிறது, கை வைக்காதீர்கள் என்றார். அதற்குள் தலைவி வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கிவிட்டார்.

இன்ஜினை முடுக்கித் தள்ளினேன். போனது, திரும்பியது, வந்தது. மண் மாவாகியது. ஒரு வல்லாரைகூட அசையவில்லை.

முதலாளி என்னைப் பார்த்தார். கணக்காளர் கயிற்றைப் பார்த்தார். தலைவி குனிந்து ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தார்.

"தங்கச்சி, இது வல்லாரை எல்லோ? களை எங்க?"

"களை இல்லை அக்கா. சந்தையில வாங்கி நட்டது. இந்த மெஷின் வரிசைக்கு நடுவில மட்டுந்தான் வெட்டும். வரிசையில நிக்கிறதைத் தொடாது."

முதலாளி இருமினார். வரிசையில்லாமல் வீசி விதைத்த நெல்லுக்கு இது சரிவராது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். இருமல் நீண்டது.

"நெல்லுக்கு ஆர் கேட்டது?" என்றார் தலைவி. "எங்கட பெட்டையள் மிளகாய்க்கும் கச்சான் கடலைக்கும் குனிஞ்சு குனிஞ்சு நாரி முறியினம். போன போகம் ஒருத்தர் கொண்டுவந்த மெஷின் களையோட மிளகாய்க் கண்டையும் கொத்திப்போட்டுது. இது கண்டைத் தொடேல்லையே."

பிறகு தானே பிடித்து ஒரு சுற்றுத் தள்ளிப் பார்த்தார். கைப்பிடியைக் கொஞ்சம் கீழே இறக்க முடியுமா, மாற்றுக் கத்தி கிடைக்குமா என்று விசாரித்தார். சங்கத்துக்குத் தேவையான மெஷின்களுக்கு அங்கேயே ஓடர் சொல்லிவிட்டார். போகும்போது மத்தியானச் சம்பலுக்கென்று கொஞ்சம் வல்லாரை கேட்டார். அன்று அந்தப் பாத்தியில் பிடுங்கப்பட்டதெல்லாம் கணக்காளரின் கையால் பிடுங்கப்பட்டதுதான்.

முதலாளி சொன்ன சொல் மாறவில்லை. களைக்குப் பதிலாகப் பயிரை நட்டு, பயிர் சாகாது என்று காட்டிய யோசனைக்காக என்னை நிரந்தரமாக்கினார். நட்டவர் கணக்காளர் என்றேன். அதன்பின் முதலாளி என் அடக்கத்தையும் சேர்த்துப் புறக்கோட்டைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த வாடிக்கையாளர் அம்பாறைக்காரர். அவருக்கு நெல் மட்டுந்தான், அதுவும் வீசி விதைப்பது என்று முதலாளியிடம் முன்கூட்டியே சொன்னேன்.

"அதுக்கென்னம்மா," என்றார், "வல்லாரையை நட்டுடுங்க."