மடியாத தவளை

லிஃப்ட் மெக்கானிக்கான அவரை வேலையிடத்தில் எல்லோரும் பல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு குறுகலான லிஃப்ட் குழியானாலும் சுவரோடு ஒட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். ஒருநாள் ஒரு துணிக்கடையில் லிஃப்ட் பெட்டியின் மேல் நின்று எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது, பெட்டி அவரோடு சேர்ந்து கீழே சரிந்தது. பாதியில் பிரேக் பிடித்ததால் உயிர் தப்பியது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் இரும்பும் இரும்பும் உரசிய அந்தச் சத்தம் மட்டும் காதை விட்டுப் போகவில்லை. வீட்டில் யாராவது நாற்காலியை இழுத்தால்கூடத் தூக்கிவாரிப்போடும். ராத்திரித் தூக்கமும் போயிற்று.

கம்பெனி அவரை மனநல டாக்டரிடம் அனுப்பியது. மாத்திரை தருவார் என்று போனவரிடம் அந்த அம்மா ஒரு கட்டு வண்ணத் தாளை நீட்டினார்.

"தினமும் கொஞ்ச நேரம் மடிங்க. கைக்கு வேலை இருந்தா மனசு அலையாது. முதல்ல தவளை. பின்னாடி அழுத்தினா தாவணும்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா டாக்டர்?"

"சின்னப் பிள்ளைங்க சீக்கிரம் மடிச்சிடுவாங்க. உங்களுக்குக் கொஞ்சம் நாளாகும்."

சுருக்கென்றது. வீட்டுக்கு வந்ததும் வீம்புக்கு உட்கார்ந்தார். மூலையோடு மூலை சேர்ந்து தொலைக்கவில்லை. காய்த்துப்போன விரலுக்குத் தாள் கிழிந்தது. கசக்கி எறிந்தார். மறுநாளும் அதே கதைதான். பெருக்க வந்த மனைவியின் துடைப்பத்தோடு கட்டிலுக்கடியிலிருந்து கசங்கிய தவளைகள் குவியலாக வந்தன.

"வீடா, குளமாங்க இது?"

"கேலி பண்ணாதே. வயித்தெரிச்சலா இருக்கு."

"இங்க கொடுங்க, இது என்ன பெரிய வித்தை!" என்று அவளும் உட்கார்ந்தாள். அவளுக்கும் வரவில்லை. உள்பக்கம் மடிக்கணும், இல்லை வெளிப்பக்கம் என்று இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றியது. அப்போது மாடி வீட்டில் யாரோ பீரோவை நகர்த்தினார்கள். கிறீச்சென்று ஒரு சத்தம். மனைவி பயந்துபோய் அவரைப் பார்த்தாள். அவரோ குனிந்த தலை நிமிராமல், நகத்தால் மடிப்பை அழுத்திக்கொண்டிருந்தார்.

"மேல சத்தம் கேட்டுச்சே..."

"சும்மா இரு. இந்தப் பின்னங்கால் சரியா வரமாட்டேங்குது."

அந்தச் சத்தத்துக்கு அவர் திடுக்கிடவே இல்லை என்று அவள் பிறகு சொன்னபோது, சந்தோஷப்படுவதற்குப் பதில் அவருக்குக் கோபம்தான் வந்தது. "அப்போ அந்தம்மா சொன்னதுதான் சரின்னு ஆயிடுமே!"

தவளை கடைசிவரை ஒழுங்காகத் தாவவில்லை. தூக்கமும் முழுசாகத் திரும்பவில்லை. ஆனாலும் அவர் மடிப்பதை விடவில்லை, திட்டிக்கொண்டே மடித்தார். இப்படி இருக்கும்போது மேனேஜர் போன் பண்ணினார்.

"திங்கக்கிழமை வந்துடு பல்லி. குழியில இறங்க ஆளில்ல."

முன்பென்றால் மென்று விழுங்கிச் சரி என்றிருப்பார்.

"வரேன் சார். மோட்டார் அறை வேலை கொடுங்க. குழிக்குள்ள இப்போ என்னால இறங்க முடியாது."

"உனக்குத்தான் அடியே படலையே?"

"பட்டிருக்கு சார். வெளியில தெரியல."

மேனேஜர் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார். திங்கட்கிழமை கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மொட்டைமாடியில் இருந்த மோட்டார் அறைக்குப் படியேறியே போனார். மூச்சு வாங்கியது. இந்தக் கட்டடத்தை இவ்வளவு உயரமாகக் கட்டியவனை ஒவ்வொரு மாடியிலும் நின்று திட்டினார்.