வெள்ளிக்கிழமைக் கட்டில்

“…ஒங்க கம்ப்யூட்டர் கட்டில் காலிங்குது அண்ணாச்சி. மேல போய்ப் பாத்தா, அதே கட்டில்ல ஒரு பெரியவரு சப்பணம் போட்டு இட்லி சாப்பிடுதாரு. நான் யார நம்ப?”

கேட்டவர் எங்கள் மருத்துவமனை அவசரப் பிரிவின் பொறுப்பு சிஸ்டர். மேலகரத்துக்காரர். அவர் வாயைத் திறந்தால் ஊசி போட்ட வலிகூடத் தெரியாது. அன்று அந்த வாயில் சிரிப்பு இல்லை. பக்கத்து ஸ்ட்ரெச்சரில், ஐந்தருவியில் ரம்புட்டான் விற்கும் ஒருவர் ஈரப் படியில் சறுக்கி இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். மேலே ஆண்கள் வார்டில் கட்டில் கிடைத்தால் இங்கேயே ஆபரேஷன். கிடைக்காவிட்டால் ஆம்புலன்சில் திருநெல்வேலி. ஒடிந்த இடுப்போடு அத்தனை தூரம் குலுங்க வேண்டும்.

“விழுந்தது நான்தான் சிஸ்டர், ஒரு பழம் நசுங்கல” என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் பில்லிங் கவுண்டரில் இருப்பவன். கணக்கு மீது ஆசைப்பட்டு, செல்போனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்ட ஆள். கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய் ஆஸ்பத்திரி கட்டுவேன். அதற்குள் பொய் நோயாளிகளை அனுப்பி, அவசரப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற அவர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். கணித மாதிரி என்பார்கள் படித்தவர்கள். ஸ்ட்ரெச்சர் பற்றாது என்று எல்லோரும் சொன்னபோது, பொய் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரைக் கூட்டிப் பார்த்தேன். காத்திருப்பு குறையவே இல்லை. கட்டில்தான் சிக்கல் என்று அப்போதே தெரிந்துவிட்டது. சாரல் சீசனில் கூட்டம் நெரியும் நாட்களிலும் என் கணக்கு நிஜத்தை ஒட்டியே நடந்தது. எந்தக் கட்டில் எப்போது காலியாகும் என்பதையும் அதை வைத்தே சிஸ்டருக்குச் சொல்லிவந்தேன். வெள்ளிக்கிழமை மட்டும் என் மானத்தை வாங்கியது; அன்றும் வெள்ளிக்கிழமைதான்.

மாடிக்கு ஓடினேன். இட்லிப் பெரியவர் நிதானமாகக் கை கழுவினார். “டாக்டரு போவச் சொல்லிட்டாரு. இனிமே கட்டு மாத்தி, மாத்திர வாங்கிக் கெளம்புததுக்குள்ள பத்தர ஆயிரும். ராகு காலத்துலயா எறங்கச் சொல்லுதீரு? பன்னெண்டு தாண்டட்டும்வே.”

பெண்கள் வார்டில் ஓர் உம்மா வேறு காரணம் சொன்னார். “மவன் ஜும்மா முடிச்சுத்தான் ஆட்டோ கொண்டாருவான் வாப்பா.”

பிடி கிடைத்துவிட்டது. டாக்டர் கையெழுத்துப் போட்டதும் கட்டில் காலி என்று எழுதியிருந்தேன். தென்காசியில் கையெழுத்துக்கா ஆள் கிளம்புகிறது? கீழே வந்து கணக்கை மாற்றினேன். மருந்துக் கடையை ஒட்டிச் சும்மா கிடந்த அறையில் கிளம்புகிறவர்கள் காத்திருந்தால் என்ன ஆகும் என்று ஓடவிட்டேன். பொய் ஆஸ்பத்திரியின் வரிசை மளமளவென்று கரைந்தது. சிஸ்டரிடம் காட்டினேன்.

“ரூமுக்கு ஆபீஸ்ல நான் பேசிக்கிடுதேன். ஆனா ராகு காலத்துல கட்டில விட்டு எந்திக்க மாட்டாரே?” என்றவர், சட்டென்று கடிகாரத்தைப் பார்த்தார். “ஏ அண்ணாச்சி, நல்ல நேரத்துல பைய மட்டும் பக்கத்து வீட்டுல கொண்டு வச்சிட்டா, அப்பவே பயணம் தொடங்கியாச்சும்பாகல்லா?”

பத்தரைக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. இருவரும் மேலே ஏறினோம். சிஸ்டர் விஷயத்தைச் சொன்னதும் பெரியவர் யோசித்தார். அவர் மனைவி யோசிக்கவில்லை. “நம்ம மவ சென்னைக்குப் போவும்போது அப்படித்தானே வச்சோம்? குடுங்க” என்று பையை எடுத்துக் கொடுத்தார். அது பத்தரைக்கு முன்னால் கீழே அந்த மருந்துக் கடை அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தது. கட்டு மாற்றியதும், ராகு காலத்திலேயே, பெரியவர் தன் பையைத் தேடி இறங்கி வந்தார்.

“நான் இப்பக் கெளம்பல. அப்பவே கெளம்பிட்டேன்” என்று கேட்காதவர்களிடமும் சொன்னார்.

அந்தப் பையை இப்போது என் கணக்கிலும் சேர்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் முதலில் பை இறங்கும், பிறகு ஆள். எந்த ஊர்ப் பாடத்திலும் இது இருக்காது. எங்கள் ஊர்க் கணக்கில் இருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்ச நஞ்சப் பெருமை இல்லை.

அன்று மேலே விரிப்பு மாற்றியாயிற்று என்று போன் வந்தது. “கட்டில் காலி சிஸ்டர்” என்றேன்.

“கம்ப்யூட்டர் சொல்லுதா, நீங்க சொல்லுதீகளா?”

“ரெண்டு பேரும்.”

“ஆம்புலன்சு வேண்டாமா அப்போ?” என்று ரம்புட்டான்காரர் தலையைத் தூக்கப் பார்த்தார்.

“ஆடாமக் கெடயும்” என்று அதட்டிய சிஸ்டர், ஸ்ட்ரெச்சரின் பிரேக்கைக் காலால் தட்டிவிட்டு, தலைமாட்டைத் தானே பிடித்து லிஃப்டை நோக்கித் தள்ளிக்கொண்டு போனார்.